படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு

எங்கள் நடுநிலைப் பள்ளியில் நான் பொறுப்பேற்றுத் திரையிட்ட முதல் படம் 'சிவப்பு பலூன்'. ஆல்பர்ட் லமோரிஸ் 1956இல் எடுத்த பிரெஞ்சுப் படம். 34 நிமிடம்தான் ஓடும். பேச்சு மிகக் குறைவு என்பதால் மொழி தடையாக இருக்காது. பாரிஸ் நகரத்தின் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில் பாஸ்கல் என்ற சிறுவன், விளக்குக் கம்பத்தில் சிக்கியிருக்கும் பலூனை ஏறி எடுக்கிறான். அது நாய்க்குட்டிபோல அவன் பின்னாலேயே வருகிறது. பள்ளிக்கும் வந்துவிடுகிறது. அங்கே ஒரே அமளி. தலைமையாசிரியர் பையனை ஓர் அறையில் வைத்துப் பூட்டுகிறார். பிறகு தெருப் பையன்கள் கூட்டமாகத் துரத்தி, கல்லால் அடித்து, அந்தப் பலூனைச் சாகடிக்கிறார்கள். பலூனுக்கு ஏது சாவு என்று கேட்கலாம். அது சுருங்கிச் சுருங்கித் தரையில் அடங்குவதைப் பார்த்தவர்கள் வேறு சொல் தேடமாட்டார்கள். கடைசியில் நகரத்துப் பலூன்கள் எல்லாம் திரண்டு வந்து பாஸ்கலைத் தூக்கிக்கொண்டு வானில் போகின்றன.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டேன். அறுபது பிள்ளைகள் இருந்தும் அறையில் ஒரு சத்தமில்லை. எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத அமைதி அது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்: "சரி, இந்தப் படத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் நீதி என்ன?"

கைகள் உயர்ந்தன. "பிறர் பொருளைச் சேதப்படுத்தக் கூடாது டீச்சர்." "பொறாமைப்படக் கூடாது டீச்சர்." "ஒற்றுமையே பலம்." எல்லாமே சரியான விடைகள். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் போடலாம். ஆனால் படத்தையே பார்க்காத பிள்ளையாலும் இவற்றைச் சொல்லியிருக்க முடியும். "நன்று" என்று சொல்லி அனுப்பினேன்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் திரும்பிக் கேட்டான். "டீச்சர், கடைசில அத்தனை பலூனும் வந்துச்சே, அது செத்துப்போன பலூனுக்குத் தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. மதிய உணவு மணி அடித்துவிட்டது, அவனும் ஓடிவிட்டான். அந்தப் படம் அவனுக்குள் உண்டாக்கியிருந்த கேள்வி, என் கேள்விக்கு வெளியே, வாசற்படியில்தான் வர முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை நான் எந்தப் படம் முடிந்தும் நீதி கேட்டதில்லை.

2022-23 கல்வியாண்டிலிருந்து சிறார் திரைப்பட விழாவின் வழியாக நம் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் படங்கள் திரையிடப்படுகின்றன. புரொஜெக்டரும் திரையும் பழகிவிட்டன. படம் முடிந்த பிறகு வரும் அரைமணி நேரம்தான் நம்மில் பலருக்கு இன்னும் பழகவில்லை. அதைப் பற்றியும், அதே படத்தைப் பெற்றோருடன் சேர்ந்து பார்த்தபோது நடந்தவற்றைப் பற்றியும் எழுதுகிறேன்.

எந்தப் படம்?

விருது பெற்ற படம், மெதுவாக நகரும் படம், பிறமொழிப் படம் என்றெல்லாம் தேடிப் போக வேண்டியதில்லை. முடிந்த பிறகும் பார்த்தவரிடம் ஒரு கேள்வி பாக்கி நிற்க வேண்டும். என் அளவுகோல் அவ்வளவுதான். அது ஐந்து நிமிடப் படமாகவும் இருக்கலாம்.

ஈரானில் 'கானூன்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம் ஒன்று உண்டு. சிறுவர்கள், இளையோரின் அறிவு வளர்ச்சிக்காக 1960களில் தொடங்கப்பட்டது. நூலகம், புத்தக வெளியீடு என்று இருந்த அது பிறகு திரைப்படத்துக்கும் வந்தது. உலகப் புகழ்பெற்ற இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி தன் முதல் படத்தை 1970இல் அங்கேதான் எடுத்தார். அவர் 1975இல் எடுத்த 'ஒரு பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள்' என்ற குறும்படம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு நண்பர்கள். ஒருவன் இரவல் வாங்கிய நோட்டு கிழிந்து திரும்புகிறது. முதல் தீர்வில் பதிலுக்குப் பதில்: நோட்டுக்கு நோட்டு, பொருளுக்குப் பொருள் என்று போய் அடிதடியில் முடிகிறது. இரண்டாம் தீர்வில் கிழித்தவனே பசை தடவி ஒட்டித் தருகிறான். நட்பு தொடர்கிறது.

இதை முழுவதும் காட்டிவிட்டால் "இரண்டாவதுதான் நல்லது" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், பேச்சும் முடிந்துவிடும். அதனால் முதல் தீர்வோடு நிறுத்திவிட்டு, "இந்தச் சண்டையை எந்த இடத்தில் நிறுத்தியிருக்க முடியும்?" என்று கேட்டேன். ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். முதல் கிழிசலிலேயே என்றாள் ஒருத்தி. "இல்ல டீச்சர், ரெண்டு பேருக்கும் சமமா கிழிஞ்சப்புறம்தான் நிறுத்தணும். இல்லேன்னா ஒருத்தனுக்கு மனசு ஆறாது" என்றான் ஒருவன். பாதி வகுப்பு அவன் பக்கம். அந்தக் கணக்கு என்னைக் கலங்க வைத்தது. ஊரில் பெரியவர்களுக்குள் நடக்கும் தகராறுகளும் இதே கணக்கில்தானே ஓடுகின்றன? அன்று இரண்டாம் தீர்வைக் காட்டவில்லை. மறுநாள்தான் காட்டினேன்.

அவருடைய இன்னொரு படம் பிள்ளைகளுக்கானதன்று, நமக்கானது. 1979இல் வந்த 'முதல் வழக்கு, இரண்டாம் வழக்கு'. ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருக்கிறார். முதுகைத் திருப்பும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து தட்டும் ஓசை. பின்வரிசை மாணவர்கள் ஏழு பேரை வெளியே அனுப்புகிறார். செய்தவன் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரம் வகுப்புக்கு வரக் கூடாது. முதல் வழக்கில் ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வருகிறான். இரண்டாம் வழக்கில் ஒருவரும் சொல்வதில்லை. எது சரி என்று பெற்றோர்களையும் அதிகாரிகளையும் அரசியல் தலைவர்களையும் கேட்டு, அவர்கள் பதில்களையும் படத்திலேயே சேர்த்திருக்கிறார் இயக்குநர். குறுவள மையக் கூட்டம் ஒன்றின் இடைவேளையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். இடைவேளை நீண்டுவிட்டது. பெயரைச் சொன்னவன் நேர்மையானவன் என்று சிலரும், காட்டிக்கொடுத்தவன் என்று சிலரும் மல்லுக்கு நின்றார்கள். அதுவரை பேசாமல் இருந்த மூத்த ஆசிரியை ஒருவர், "அந்த வகுப்புல பையன் ஏன் தட்டினான்னு யாராவது கேட்டாங்களா?" என்றார். பிறகு தேநீர் ஆறிப்போனதைத்தான் கவனித்தோம்.

ஊரோடு சேர்ந்து பார்ப்பது

ஊர்கூடிப் படம் பார்ப்பது நமக்குப் புதிதன்று. திருச்சி ரயில்வேயில் எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். அந்த மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வது வழக்கம். 1980களில் கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 'ஒடேஸா' என்ற குழுவாகச் சேர்ந்து, கிராமங்களில் சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டி மக்களிடமே காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) என்ற படத்தை எடுத்தார்கள். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர்தான் இந்த ஜான்.

நாங்கள் செய்தது மிகச் சிறியது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்த நாளில், மாலை ஆறே முக்கால் மணிக்கு, பெற்றோரை உட்காரவைத்துப் பிள்ளைகளுடன் ஒரு படம். இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(j)இன்படி, கல்வி நிறுவனம் தன் செயல்பாடுகளின் பகுதியாகத் திரைப்படம் காட்டலாம். ஆனால் பார்வையாளர்கள் ஆசிரியர், பணியாளர், மாணவர், பெற்றோர், பாதுகாவலர், நிறுவனச் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஊர் முழுவதையும் அழைப்பதென்றால் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதேபோல் படத்தின் சான்றிதழையும் பார்த்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு 7, 13, 16 வயது என்று பிரித்தே தருகிறார்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). தமிழில் 'அக்கா குருவி' என்று மறுஆக்கமாக வந்தது இதன் கதைதான். அலி தன் தங்கை ஸாராவின் செருப்பைத் தைக்க எடுத்துப் போய்த் தொலைத்துவிடுகிறான். புதிது வாங்க அப்பாவிடம் காசில்லை. சொன்னால் அவர் மனம் உடையும். காலை வகுப்புக்குத் தங்கை, மாலை வகுப்புக்கு அண்ணன் என்று அவனுடைய ஒரே ஜோடி காலணியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டு ஓடுகிறார்கள்.

பேச்சு பாரசீக மொழி, எழுத்து ஆங்கிலம். திரையின் அடியில் ஓடும் ஆங்கிலத்தை எங்கள் பிள்ளைகளும் படிக்க முடியாது, பெற்றோரும் படிக்க முடியாது. பழைய கூடாரக்காரர்களின் வழியே கைகொடுத்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் அலிக்கும் ஸாராவுக்கும் மைக்கில் தமிழ் பேசுவதென்று முடிவாயிற்று. ஒரு வாரம் ஆங்கிலப் பாடவேளையில் உட்கார்ந்து வசனங்களைத் தமிழில் எழுதினோம். படத்தில் ஸாரா அண்ணனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். "எங்க வீட்ல அப்படிக் கூப்பிட்டா அடிதான் விழும் டீச்சர், அண்ணேன்னு மாத்திடலாம்" என்றாள் பேச வேண்டியவள். "அது அவங்க ஊரு, அப்படியே விடு" என்றான் அவன். இரண்டு நாள் வாக்குவாதம். சண்டைபோடும் இடத்தில் அலி, கெஞ்சும் இடத்தில் அண்ணே என்று சமரசம் ஆனது. மொழிபெயர்ப்பைப் பற்றி நான் ஒரு பருவம் முழுவதும் நடத்தினாலும் இவ்வளவு வந்திருக்காது.

சவுண்ட் சர்வீஸ்காரர் இரண்டு ஒலிபெருக்கி தந்தார். வெள்ளையடித்த பள்ளிச் சுவரே திரை. கொசுவுக்கு மட்டும் வழி தெரியவில்லை. கொஞ்சம் வேப்பிலைப் புகை போட்டதில் முதல் வரிசை இருமியதுதான் மிச்சம்.

என்ன கேட்பது?

படம் முடிந்ததும் இரண்டு நிமிடம் விளக்கைப் போடவில்லை. இதைத் தவறாமல் செய்யுங்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பெரியவர்களுக்கும் நேரம் வேண்டும்.

பிறகு நான் கேட்டது ஒன்றுதான். "படத்தில் உங்கள் கண்ணில் நிற்கும் ஒரு பொருளைச் சொல்லுங்கள்." கருத்தைக் கேட்டால் பேசத் தெரிந்த நான்கு பேர்தான் பேசுவார்கள். பொருளைக் கேட்டால் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். காலணியைக் கழுவும்போது ஊதிய சோப்பு நுரைக் குமிழி என்றாள் மூன்றாம் வகுப்புக் குழந்தை. அலியின் புண்ணான காலைச் சுற்றிவரும் மீன்கள் என்றார்கள் பலர். பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை எழுந்து, "சர்க்கரை" என்றார். அலியின் அப்பா பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருப்பார். மகள் தேநீர் கொண்டுவருவாள். எதிரில் அவ்வளவு குவிந்திருந்தும், அது பள்ளிவாசலுடையது என்று அதில் ஒரு துண்டு எடுக்கமாட்டார். "காசில்லாத ஆளுதான். ஆனா அவரு கை சுத்தம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கொத்து வேலைக்குப் போகிறவர் அவர். எந்தக் கூட்டத்திலும் அதற்கு முன் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவது கேள்வி: "யார், எதை, யாரிடம் சொல்லாமல் மறைத்தார்கள்?" இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அலி தினமும் தாமதமாக வருவான். பள்ளியில் பிடித்து நிறுத்திக் கடிந்து, அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். அவன் அழுவானே தவிரக் காரணத்தைச் சொல்லமாட்டான். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னா செருப்பு வாங்கிக் குடுப்பாங்களா டீச்சர்? எல்லார் முன்னாடியும் கேட்டா எப்படிச் சொல்றது?" என்றான் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

அவன் யாரையும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் சிலர் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பள்ளியிலும் தினமும் முதல் பாடவேளை பாதியில் வரும் ஒரு மாணவி இருந்தாள். வாசலில் பத்து நிமிடம் நிற்க வைத்து, எல்லோர் முன்னாலும் காரணம் கேட்பது என் வழக்கம். அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. திமிர் என்று நினைத்திருந்தேன்.

அந்த இடத்தில் அவளை நோக்கி ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் பெரும் தவறாகியிருக்கும். ஏழ்மை, குடி, சாதி, வீட்டு வன்முறை என்று எதைத் தொடும் படத்தைக் காட்டினாலும், அதை அன்றாடம் வாழும் பிள்ளை ஒன்று நம்முன் உட்கார்ந்திருக்கும். கூட்டத்தில் பேச்சு படத்தின் பாத்திரத்தைத் தாண்டி ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. "உன் வீட்டிலும் இப்படியா?" என்ற கேள்வி கூடவே கூடாது. நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். மறுநாள் முதல் வாசலில் நிற்க வைப்பதை விட்டேன். தாமதமாக வந்தால் உள்ளே வந்து உட்காரலாம், விடுபட்டதைப் பக்கத்துப் பிள்ளை சொல்லித்தர வேண்டும். அவள் இன்றும் சில நாள் தாமதமாகத்தான் வருகிறாள். காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுப்பாடம் மட்டும் இப்போது முடித்து வருகிறாள்.

அந்த மாலையின் பெரிய தகராறு படத்தின் முடிவைப் பற்றியது. மூன்றாம் பரிசு காலணி என்பதற்காக ஓட்டப்பந்தயத்தில் ஓடும் அலி, தவறி முதலிடம் வந்துவிடுகிறான். வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். "பாவம், கடைசி வரைக்கும் கிடைக்கல" என்றார்கள் சிலர். "அப்பா வாங்கிட்டாரே, சைக்கிள்ல இருந்துச்சே" என்று கத்தினாள் ஒரு சிறுமி. நம்பவில்லை. பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டினோம். அப்பாவின் சைக்கிளில் மற்றச் சாமான்களோடு இரண்டு ஜோடிப் புதுக் காலணிகள், சில நொடிகள்தான். பாதிக் கூட்டம் அதைக் கவனிக்கவே இல்லை. நமக்குத் தெரிந்துவிட்டது, அலிக்குத் தெரியவில்லை. அதையும் இயக்குநர் ஏன் காட்டவில்லை? அப்பா வீட்டுக்குள் நுழையும் காட்சியை வைத்திருக்கலாமே? பத்து நிமிடம் ஓடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்ப்பும் வந்தது. "பிள்ளைங்க பாவம், வீட்ல இருக்கிற கஷ்டம் போதாதா? இங்க வந்தும் அழணுமா? சிரிப்புப் படமாப் போடுங்க டீச்சர்" என்றார் ஒரு தாய். அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அடுத்த முறை 'தி கிட்' போட்டோம். சாப்ளின் ஜன்னல் கண்ணாடி மாட்டுபவராக வந்து சிரிக்க வைத்துவிட்டு, பையனைப் பிரித்துக்கொண்டு போகும் இடத்தில் அழவைத்துவிட்டார். அதே தாய் வெளியே போகும்போது, "நீங்க மாறவே மாட்டீங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த மாதப் படத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்: 'காக்கா முட்டை'. 2015இல் திரைக்கு வந்த, மணிகண்டன் இயக்கிய படம். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்ததுதான், மொழிச் சிக்கலும் இல்லை. எனக்குத்தான் ஒரு தயக்கம். அந்தச் சகோதரர்களைப் பார்த்துச் சிரிக்கும் இடங்களில், அவர்களோடு சேர்ந்து சிரிக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த வேறுபாட்டை வெளியே எடுப்பதா, எடுத்தால் எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பீட்சா கடை வாசலில் அந்த அறை விழும் இடத்தில் படத்தை நிறுத்திப் பேசலாம் என்றேன். மைக் பிடிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் வேண்டாம் என்கிறார்கள். நிறுத்தினால் அடி வலிக்காதாம்.